தீவில் ஒரு வெண்பா

யாப்பிலக்கணம் கற்பதென்பது என்றுமே ஆசிரியரைத் தேடிச் செல்லும் பணியாக இருந்து வந்திருக்கிறது. அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகை சிறிய நூலே. ஆயினும் அதனைப் பாடங்கேட்க உ.வே. சாமிநாதையர் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரை நாடிச் சென்றார். அதன் பின்னரே, 1871-இல், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். காரிகை கற்பதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்றொரு பழமொழி உண்டு. அது புலவனின் வறுமையைச் சுட்டுவதேயன்றி யாப்பின் கடுமையைச் சுட்டுவதன்று என்பது என் துணிபு.

தாயகத்திலேயே இந்நிலை எனின், சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் தொலைவிலுள்ள நம் தீவில் என்ன செய்வது? 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நம் போர்ட் பிளேயரில் கடைத்தெருவில் இந்தி. அலுவலகக் கோப்புகளில் இந்தியும் ஆங்கிலமும். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் மகள் தமிழையும் ஆங்கில எழுத்திலேயே எழுதி அனுப்புவாள். அவ்வெழுத்தில் ‘படம்’, ‘பாடம்’ இரண்டும் ஒன்றே. எழுத்தில் தொலைந்த நெடில் நாளடைவில் நாவிலும் தொலைந்தது. பரமக்குடியிலிருக்கும் என் அன்னையார் தொலைபேசியில் பேத்தியின் பேச்சைக் கேட்டுவிட்டு, “பிள்ளை என்னப்பா சொல்லுது?” என்று என்னைக் கேட்கும் நிலை வந்தது.

அன்னையாருக்கு எண்பது நிறையும் நாளுக்கு ஒரு வெண்பா எழுத வேண்டும் என்று மகள் விரும்பினாள். டெலானிப்பூரில் வாழும், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மனமுவந்து பாடம் சொன்னார். கி.வா.ஜகந்நாதனின் ‘கவி பாடலாம்’ அவர் கையிலிருந்த நூல். ஆயினும் முதல் வாரம் நூலைத் திறக்கவேயில்லை. மேசையில் விரலால் தட்டி, குறில் நெடில்களைச் சொல்லச் சொல்லிக் காதுக்குப் பழக்கினார். ‘பட்டு’க்குக் ‘கட்டு’ எதுகையாகும்; ‘பாட்டு’ ஆகாது, முதலெழுத்தின் அளவு மாறுவதால். இவ்வொரு விதியே என் மகளின் நாவைப் பாதி திருத்திவிட்டது.

அவள் எழுதிய முதல் தொடர் ‘கடலில் கப்பல்’. கட-லில், நிரை நேர், புளிமா. வெண்பாவில் மாவின் முன் நிரை வரவேண்டும். கப்-பல் நேரில் தொடங்குகிறது. தளை தட்டிற்று. “ரெண்டு வழி இருக்கும்மா” என்றார் ஆசிரியர். ‘கடலில் மரக்கலம்’ என்றால் மாமுன் நிரை. ‘கடலிலே கப்பல்’ என்றால் முதற்சீர் கருவிளமாகி, விளமுன் நேர். எதைக் கொள்வது? மரக்கலத்தில் மோனை போகிறது. மேலும் அப்பத்தா கப்பல் என்றுதானே சொல்வார்!

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்தபின் இணையம் இங்கே விரைவாயிற்று. ‘அவலோகிதம்’ என்னும் கணினிச் செயலி, எழுதிய செய்யுளை அசை பிரித்துச் சீரும் தளையும் சொல்லிவிடுகிறது. அருமையான துணை. ஆனால் கப்பலா மரக்கலமா என்பதை அது சொல்லாது.

ஊர்ப்பெயரைப் பாட்டில் சேர்க்க முயன்றபோதுதான் உண்மையான இடர் வந்தது. பர-மக்-குடி, நிரை நேர் நிரை. புளிமாங்கனி! கனிச்சீர் வெண்பாவில் வருதலாகாது. அப்பத்தாவின் ஊருக்கே இடமில்லையா என்று மகள் கண்கலங்கினாள். ஆசிரியர் சிரித்து, பெயரை இரண்டாகப் பிரித்து ஈற்றடியில் வைத்தார்: ‘எங்கள் பரமக் குடி’. தேமா, புளிமா, மலர். இப்படிச் சொல்லைப் பிளந்து சீராக்குவதற்கு வகையுளி என்று பெயர். நல்லோர் அதைச் சிறப்பாகக் கருதுவதில்லை. இவ்விடத்தில் எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

பிறந்தநாளன்று தொலைபேசியில் மகள் நான்கடியையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அன்னையார் என்னை எதுவும் கேட்கவில்லை. ஈற்றடியை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.