சிக்கரி மணக்கும் சில் காபி

கோடைகாலத்து நியூ ஆர்லியன்ஸ், மே மாதச் சென்னைக்குச் சளைத்ததல்ல. மிஸிஸிப்பி நதிப் பக்கமிருந்து வரும் ஈரக் காற்றில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. பிரெஞ்ச் குவார்ட்டரின் இரும்புக் கிராதி பால்கனிகளை அண்ணாந்து பார்த்தபடி ஒரு மணி நேரம் நடந்தவர் தேடுவது ஒன்றைத்தான்: சில்லென்று ஒரு காபி.

கண்ணில் முதலில் படுவது 1862 முதல் இருந்துவரும் கஃபே டு மாண்ட். பச்சை வெள்ளைப் பந்தலின் கீழ் எப்போதும் கூட்டம். சூடான பால் காபி, சர்க்கரைப் பொடியில் புதைந்த பென்யே என்ற பலகாரம். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நகரைப் புரட்டிப் போட்டபோது மூடிய இந்தக் கடை, அக்டோபரில் மீண்டும் திறந்தபோது ஊருக்கே உயிர் வந்ததுபோல் இருந்தது.

ஆனால் குளிர் காபி தேடுபவர் எந்தக் கடையிலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது: சூடான டிகாஷனில் ஐஸ் போட்டதா, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து இறக்கியதா? முன்னது ஐஸ் கரையக் கரைய நீர்த்துப்போகும். பின்னதுதான் உள்ளூர்க்காரர்கள் 'கோல்ட் டிரிப்' என்று சொல்லும் சரக்கு. 1978இல் இங்கே பிறந்த பிஜேஸ் கடைகளில் அது கிடைக்கும். மளிகைக் கடைகளில் பாட்டிலிலும் விற்கிறார்கள். ஸ்டார்பக்ஸ் 'கோல்ட் புரூ'வை அமெரிக்கக் கடைகளில் பரவலாக அறிமுகப்படுத்தியது 2015இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே நியூ ஆர்லியன்ஸ் வீடுகளின் ஃபிரிஜ்ஜில் இது இருந்தது.

தமிழருக்கு ஆச்சரியம் முதல் வாய் உறிஞ்சியதும் வரும். சிக்கரி! நெப்போலியன் காலத்து முற்றுகையில் காபி கிடைக்காத பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்ட வேர் இது. பிரெஞ்சு வம்சாவளியினர் நிறைந்த இந்த நகரில், 1861-65 உள்நாட்டுப் போரின்போது துறைமுகம் அடைபட, சிக்கரி அவசியமாகிவிட்டது. தட்டுப்பாடு தீர்ந்தது, ருசி தங்கிவிட்டது. நம் வீடுகளில் சிக்கரி என்றால் ஏதோ கலப்படம்போல் குரலைத் தாழ்த்துகிறோம். நியூ ஆர்லியன்ஸில் டப்பாவின் மேலேயே பெருமையாக அச்சிடுகிறார்கள். அவர்கள் கட்சிதான் சரி. குளிர்ந்த நீரில் ஊறும் காபியில் புளிப்பும் கசப்பும் அடங்கி, பால் சேர்த்தால் சப்பென்று ஆகிவிடும் அபாயம் உண்டு. சிக்கரி அதற்குக் கனம் கொடுக்கிறது.

வீட்டில் செய்வதற்கு ஃபில்டர்கூட வேண்டாம். வழக்கமான ஃபில்டர் பொடி மட்டும் உதவாது. நைசாக இருப்பதால் துணியை அடைத்துக்கொள்ளும். காபிப் பொடிக் கடையில் கொட்டையை ரவை பதத்துக்குக் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லி, சிக்கரியைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். 100 கிராம் காபி, 20 கிராம் சிக்கரி, 600 மில்லி லிட்டர் குடிநீர். கலந்து மூடி, ஃபிரிஜ்ஜில் இரவு முழுக்க, குறைந்தது 12 மணி நேரம் வைக்க வேண்டும். மல் துணியை இரண்டாக மடித்து வடிகட்டினால் ஏறக்குறைய 350 மில்லி லிட்டர் இறங்கும். அவசரப்பட்டுப் பிழியக் கூடாது, வண்டல் வந்துவிடும். டிகாஷனும் குளிர்ந்த பாலும் சரிபாதி, சர்க்கரை விருப்பம்போல். சர்க்கரை குளிரில் சட்டென்று கரையாது. பாகாக ஊற்றுவது உத்தமம்.

வயிற்றுக்கு இது பரம சாது என்று விற்பவர்கள் சொல்வதை முழுதாக நம்ப வேண்டியதில்லை. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சூடான காபிக்கும் இதற்கும் பி.எச். அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நாக்கில் மென்மையாக இருப்பதால் மாலையில் இரண்டாவது டம்ளருக்குக் கை நீளும். கஃபீன் மட்டும் அத்தனையும் உள்ளேதான் இருக்கிறது.