பெயர் வெட்டிய பாத்திரங்கள்

என் அப்பாயியின் பெயரை நான் முதன்முதலில் படித்தது ஒரு வெண்கலப் பானையின் கழுத்தில். கீழ்வேளூரில் ஊருக்கு அவள் 'மேலத்தெரு அம்மா'. தாத்தாவுக்கு 'ஏய்'. பத்திரம், பட்டா எதிலும் அவள் பெயர் கிடையாது. சீராகக் கொண்டுவந்த பாத்திரங்களில் மட்டும், உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் அது இருந்தது.

சீதனம் சட்டப்படி பெண்ணுக்கே சொந்தம். ஆனால் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்காமல் குறுவை போன வருடங்களில், முதலில் அடகுக்குப் போனது அந்தப் பானைதான். நிலத்தை அடகு வைக்கப் பங்காளிகளைக் கலக்க வேண்டும். பானைக்கு அவளைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. கடைசி முறை போனது திரும்பவில்லை.

இப்போது பழைய பாத்திரக் கடைகளில் பெண் பெயர் வெட்டிய வெண்கலமும் பித்தளையும் தேடி வாங்குகிறேன். "பேர அழிச்சு பாலிஷ் போட்டுத் தரட்டுமா டீச்சர்?" என்பார் கடைக்காரர். "வேணாம்ண்ணே, பேருக்காகத்தான் வாங்குறேன்."

1976-இல் சீனாவின் ஆன்யாங் நகரில், செங் சென்சியாங் என்ற பெண் தொல்லியலாளர் தலைமையில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஷாங் அரசன் வூ திங்கின் மனைவி ஃபூ ஹாவுடையது அது. உள்ளே நானூறுக்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்கள். பல பாத்திரங்களில் அவள் பெயரையே வார்த்திருந்தார்கள். எலும்புகளில் பொறித்த பழைய எழுத்துகள் படை நடத்தியவளாகச் சொல்லும் பெண் இவள்தான் என்று அந்தப் பெயரால்தான் தெரிந்தது. படித்தபோது பொறாமையாக இருந்தது. அவள் பாத்திரங்களை யாரும் அடகு வைக்கவில்லை.

பிறகுதான் உறைத்தது. ராணியிடம் வெண்கலம் இருந்தது. என் அப்பாயியிடமும் இருந்தது. எங்கள் வயலில் நடவு நட்ட பெண்களிடம் மண்சட்டியும் அலுமினியத் தூக்கும்தான். அதே பானையில் வடித்த கஞ்சியை, கொல்லைப்புறத்தில், பாத்திரத்தோடு பாத்திரம் படாமல் உயரத் தூக்கி அப்பாயி அவர்களுக்கு ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன். என் அலமாரியில் அவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. எந்தக் கடையில் தேடினாலும் கிடைக்காது.

அவர்களில் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். போன வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். எந்த முறை சொல்லிக் கூப்பிடுவதென்றே தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அவர்களை முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. தயங்கித் தயங்கிப் பெயர் கேட்டேன்.

"இத்தினி வருசம் கழிச்சுத்தான் கேக்கத் தோணுச்சா பாப்பா?" என்றார் மூத்தவர். சொல்லிவிட்டு, நான் சரியாக எழுதுகிறேனா என்று நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.