நாய் பெல்ட், பூனைக் கழுத்து

"தெள்ளுத் தொல்லை தாங்க முடியலங்கய்யா. நாய்க்கு வாங்குனதுல மிச்சம் கெடந்துச்சு, அதை வெட்டி இதுக்கும் மாட்டிவிட்டோம்."

தேவதானப்பட்டியில் பூனை வைத்தியம் பார்க்கிறவன் இந்தப் பேச்சைக் கேட்காமல் வருசத்தைத் தாண்ட முடியாது. இங்கே பூனை மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக மட்டும் வளர்வதில்லை. மஞ்சளாறு அணைத் தண்ணீரில் நெல், சுற்றிலும் தென்னையும் மாவும். எலிக்குப் பஞ்சமே இல்லை. வைக்கோல் படப்பிலும் மாட்டுத் தொழுவிலும் படுத்து எழுகிற பூனைக்குத் தெள்ளு ஏறாமல் இருக்குமா? அதே வீட்டில் நாயும் இருக்கும், மாடும் இருக்கும். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதானே என்று நினைக்கும் இடத்தில் வினை தொடங்குகிறது.

அதனால் பூனையை மேசையில் வைத்ததும் என் கை கழுத்துக்குத்தான் போகும். தெள்ளு மருந்து பெல்ட் இருந்தால் கத்தரிக்கோல், மற்றதெல்லாம் பிறகு. பெல்ட் கழுத்தில் இருக்கும்வரை மருந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மாதக்கணக்கில் கசிந்து, தோலின் எண்ணெயோடு கலந்து உடம்பெங்கும் பரவ வேண்டும் என்றுதான் அதைச் செய்கிறார்கள். பூனையோ விடிந்தால் அடைந்தால் உடம்பை நக்குகிற பிராணி. தோலில் பரவுவதெல்லாம் வயிற்றுக்கும் போகும்.

கழற்றியதும் நான் கேட்பது, மருந்தின் பெயர் போட்டு பெல்ட்டோடு வந்த அட்டையை. பத்தில் ஒன்பது பேரிடம் இருக்காது. அப்போது பூனையின் உடம்பைத்தான் அட்டையாக வாசிக்க வேண்டும்.

ஒரு மஞ்சள் பெட்டையைச் சொல்கிறேன். நாய் பெல்ட்டை அளவுக்கு வெட்டி, கொக்கி போன பக்கத்தைச் சணலால் முடிந்திருந்தார்கள். பூனை விழுந்து கிடக்கவில்லை, உட்கார்ந்துதான் இருந்தது. ஆனால் காது நுனி மட்டும் ஈ உட்கார்ந்ததை உதறுவதுபோல் விட்டுவிட்டுத் துடித்தது. ஈ எதுவும் இல்லை. முன்னங்காலைத் தண்ணீரில் வைத்துவிட்ட மாதிரி அடிக்கடி உதறியது. முதுகை லேசாகத் தொட்டதும் துள்ளியது. பூனைக்கு இயல்பான சூடு 100.5 முதல் 102.5 டிகிரி, இதற்கு 105. இவ்வளவும் சேர்ந்தால் டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்து என்று சந்தேகப்படலாம். மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து அடிக்கிறோமே, அந்தக் குடும்பம்தான். துடிப்பு வலிப்பாக மாற நேரமாகாது. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மெத்தோகார்பமால் ஊசி போட்டு, துடிப்பு அடங்கியதும் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டினோம். சுடுதண்ணீர் ஊற்றினால் தோலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் உள்ளே போகும். குளிர்ந்த தண்ணீர் நடுக்கத்தைக் கூட்டும். வீட்டில் குளிப்பாட்டுகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

ப்ரொபாக்சர் உள்ள பெல்ட் என்றால் படமே வேறு. எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், கழிச்சல் வரும், இதயம் மெதுவாக அடிக்கும். இதற்கு அட்ரோபின் உயிர் காக்கும். ஆனால் எச்சில் ஒழுகுகிற பூனைக்கெல்லாம் அட்ரோபின் என்று கிளம்பிவிடக் கூடாது. கசப்பு மருந்தை நக்கினாலே பூனை நுரை தள்ளும். வாயைத் துடைத்துக் கொஞ்சம் பால் காட்டினால் நின்றுவிடும். சந்தேகமாக இருந்தால் மிகச் சிறிய அளவு அட்ரோபினைப் போட்டுப் பார்ப்பேன். கண்மணி விரிந்து இதயம் வேகமெடுத்தால் ப்ரொபாக்சர் அல்ல, வேறு காரணம் தேட வேண்டும். அமிட்ராஸ் பெல்ட் மூன்றாவது வகை: உடம்பு ஜில்லிட்டு, தூங்கித் தூங்கி விழும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அங்கே இதயம் மெதுவாக அடிக்கிறதே என்று அட்ரோபின் போட்டால் குடல் அசைவு நின்று நிலைமை மோசமாகும்.

நாய் தாங்குவதைப் பூனை ஏன் தாங்குவதில்லை? நஞ்சை ஒரு சர்க்கரைத் துணுக்கோடு கோத்துச் சிறுநீரில் தள்ளுவது ஈரலின் வேலைகளில் ஒன்று. அதற்கான முக்கிய மரபணு ஒன்று பூனைக் குடும்பத்தில் பழுதாகிவிட்டது. வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, சிங்கம், சிறுத்தைக்கும் இதே கதைதான். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொல்வதற்கும் காரணம் இதுதான். பூனையைச் சின்ன நாய் என்று நினைத்து எடையை வைத்து மருந்தைப் பாதியாக்குவது கணக்கே இல்லை.

பூனைக்கென்றே செய்த பெல்ட்டும் உண்டு. இமிடாக்ளோப்ரிட், ஃப்ளூமெத்ரின் கலந்த செரெஸ்டோ அமெரிக்காவில் 2012இல் பதிவானது. 2021 மார்ச்சில், அதைப் பற்றி 75,000க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருப்பதாகவும், அவற்றில் ஏறத்தாழ 1,700 செல்லப்பிராணிகளின் சாவும் அடக்கம் என்றும் அங்கே செய்தி வந்தது. மறு வருசம் அந்நாட்டு நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று சந்தையிலிருந்து அதை எடுக்கச் சொன்னது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்து 2023 ஜூலையில் தடை வேண்டாம், கூடுதல் எச்சரிக்கையும் கண்காணிப்பும் போதும் என்றது. அந்த ஆய்வில் என்னை நிறுத்தியவை இரண்டு. சாவு பற்றிய அறிக்கைகளில் பாதிக்குக் கிட்ட, முடிவு சொல்லப் போதிய விவரம் இல்லை. பெல்ட்தான் காரணம் என்று கொள்ள முடிந்த சாவுகளில் முன்னே நின்றது மருந்தைவிட, எங்கோ மாட்டி, விடுபட வேண்டிய கொக்கி விடுபடாமல் கழுத்து இறுகியதுதான்.

நம்மூரில் சணலால் முடிந்த பெல்ட்டை நினைத்துப் பாருங்கள். கிடுகு வேலியிலோ முருங்கைக் கிளையிலோ மாட்டினால் அறவே அறாது. தளர்வாகப் போட்டாலும் ஆபத்து: பூனை முன்னங்காலை உள்ளே நுழைத்துக்கொள்ளும், பெல்ட் அக்குளை அறுத்துவிடும். எத்தனை தையல் போட்டாலும் அந்தப் புண் ஆற அடம் பிடிக்கும். இரண்டு விரல் நுழையும் அளவு என்பது வெறும் பேச்சு இல்லை. வெறும் சிவப்பும் முடி உதிர்வும் என்றால் கழற்றிவிட்டாலே பெரும்பாலும் தணியும். சீழ் கட்டினால்தான் மருந்து.

எனக்கு பெல்ட்டின் மேல் கோபமில்லை. பூனைக்கென்றே செய்ததை, சொன்ன வயதுக்குப் பிறகு, சொன்னபடி மாட்டினால் பெரும்பாலான பூனைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் தொழுவில் படுக்கிற பூனைக்கு அது அரை வைத்தியம். பூனை மேல் ஓடும் தெள்ளு மொத்தத்தில் சொற்பம். முட்டையும் புழுவும் கூடும் தரையில் கிடக்கின்றன. படுக்கிற சாக்கை வெந்நீரில் அலசி, மூலை முடுக்கைக் கூட்டி அள்ளுவது பாதி வேலை. மீதிக்குப் பூனைக்கென்று வரும் ஃபிப்ரோனில் சொட்டு, நக்க முடியாத பிடரியில். பால்குடி மறக்காத குட்டிக்கு மருந்தே வேண்டாம், நெருக்கமான பல் உள்ள சீப்பு போதும். ஈறு வெளுத்திருந்தால் மட்டும் உடனே தூக்கி வாருங்கள். தெள்ளு ரத்தத்தை உறிஞ்சியே குட்டியைக் கொன்றுவிடும்.

நாய்க்குப் பிடரியில் மருந்துச் சொட்டு விட்ட அன்று பூனையை அதன் பக்கத்தில் படுக்க விடாதீர்கள். பழைய பெல்ட்டை வாய்க்காலில் எறியாதீர்கள்; இந்த மருந்துகளில் பல மீனுக்கு எமன். புது பெல்ட் வாங்கினால் அட்டையைப் பூனை இருக்கும்வரை பத்திரமாக வையுங்கள். உடம்புக்கு ஏதாவது என்று தெரிந்தால் பெல்ட்டை வெட்டி ஒரு பாலிதீன் பையில் போட்டு, அட்டையோடு பூனையைக் கொண்டு வாருங்கள். விடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.