நீரிணையில் விழுந்த கோடு



சுமத்திரா ஏன் வேறு நாடு என்று மாணவர்களைக் கேட்டால், 'நடுவில் கடல் இருக்கிறது' என்பார்கள். அதனினும் அகன்ற தென்சீனக் கடலுக்கு அப்பால் உள்ள சபாவும் சரவாக்கும் நம் நாடுதானே? ஆகவே பிரித்தது கடலன்று, ஒரு காகிதம்.

1824ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், இலண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி மலாக்கா ஆங்கிலேயருக்கும், சுமத்திராவின் பெங்கூலு டச்சுக்காரருக்கும் மாறின. சிங்கப்பூர் மீதான எதிர்ப்பை டச்சுக்காரர் கைவிட்டனர். தீபகற்பத்தில் தாம் குடியேற்றம் அமைப்பதில்லை என்று அவர்களும், சுமத்திராவில் அமைப்பதில்லை என்று ஆங்கிலேயரும் உறுதியளித்தனர். ஒரே அரசாக இருந்த ஜொகூர்-ரியாவ் இரண்டாகப் பிளவுண்டது. மலாய் ஆட்சியாளர் எவரும் அதில் கையொப்பமிடவில்லை. இன்றைய மலேசிய, இந்தோனேசிய எல்லைக்கு அடித்தளம் இதுவே.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய டச்சுத் துறைமுகங்கள் இதே உடன்படிக்கையால் 1825இல் ஆங்கிலேயர் வசமாயின. நாகப்பட்டினமோ 1784ஆம் ஆண்டுப் பாரிஸ் அமைதி உடன்படிக்கையிலேயே கைமாறிவிட்டது. அதே 1784இல்தான் டச்சுக்காரர் நம் கோலசிலாங்கூரின் புக்கிட் மெலாவாத்திக் கோட்டையைக் கைப்பற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். குன்றின்மேலுள்ள கலங்கரை விளக்கம் இன்றும் 'அல்திங்ஸ்பர்க்' என்ற டச்சுப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். பிற்காலத்தில் தமிழர்கள் நீரிணையின் இரு கரைகளிலும் தோட்டப் பாட்டாளிகளாக இறங்கினர். இக்கரையில் இறங்கியோர் ஆங்கிலேயர் ஆட்சியிலும், அக்கரையில் டெலிப் பகுதிக்குச் சென்றோர் டச்சு ஆட்சியிலும் வாழ்ந்தனர். மேடான் நகரில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் உள்ளது. ஆனால், நம்மைப்போல் அரசின் ஆதரவில் இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் அங்கில்லை. இங்கோ ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவை உடன்படிக்கை தந்த பரிசல்ல. தோட்டத்து மக்களும் ஆசிரியர்களும் விடாது போராடிக் காத்தவை. எனினும் அந்தப் போராட்டத்திற்கு இடம் கிடைத்ததும் கிடைக்காததும், யாரோ இலண்டனில் வரைந்த கோட்டையும் பொறுத்தது.

வரலாற்றை ஆண்டுகளின் பட்டியலாக மனனம் செய்யவைத்தால் இவ்வுண்மை பிள்ளைகளை எட்டாது. விடுமுறையில் புக்கிட் மெலாவாத்திக்கு அழைத்துச் செல்லுங்கள். பீரங்கிகள் கடலை நோக்கியிருப்பதைக் காட்டுங்கள். வரைபடத்தை விரித்து, 'இந்தக் கோட்டைப் போட்டவர் யார்? யாரைக் கேட்டுப் போட்டார்?' என்று வினவுங்கள். தம் மொழி தமக்கு எளிதாகக் கிடைத்ததன்று என்பதை அவர்களே உணர்வார்கள்.