சாப்பிட்டதை எழுதி வைக்கிறேன்

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். பிள்ளைகளும் அவரும் வண்டலூர் பூங்காவுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். சிட்லபாக்கத்தில் எங்கள் தெரு வெறிச்சென்று கிடக்கிறது. உட்கார்ந்து நோட்டைப் புரட்ட நேரம் கிடைத்தது.

பொங்கல் அன்றைய பக்கம் அடிவரை நிரம்பியிருக்கிறது. சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி, வெண்பொங்கல் இரண்டு கரண்டி, மெதுவடை மூன்று, கரும்பு ஒரு துண்டு, சாயங்காலம் அண்ணி கொடுத்தனுப்பிய பால் பாயசம் ஒரு டம்ளர். எதையும் விடவில்லை. பண்டிகை நாளில்தான் நோட்டு அவசியம். சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் இட்லி, சாம்பார், சாதம், ரசம் என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அதிகம் சாப்பிட்ட அன்று "இன்றைக்கு வேண்டாம், நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு பக்கம் காலியாக நின்றால், அடுத்த பக்கமும் காலியாகவே நிற்கும். இந்தப் பழக்கத்தைப் பாதியில் விட்ட எல்லோரும் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள்.

ஆபீஸில் போன வாரம் தங்கை மாதிரிப் பழகும் ஒரு பெண் கேட்டாள்: "இன்னுமா அக்கா எழுதுறீங்க? அதான் இளைச்சிட்டீங்களே!" 79 கிலோவிலிருந்து 68-க்கு இறங்க ஒரு வருஷம் ஆயிற்று. 68-ஐ ஒட்டியே நிற்பதற்கு முடிவு தேதி கிடையாது. 2011-ல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பருமனான 50 பேரைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து இளைக்க வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பசியைத் தீர்மானிக்கும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. உடம்பு இழந்த எடையைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இளைத்தவர் மீண்டும் பெருத்தால் "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று ஊர் சொல்லும். அது அநியாயமான பேச்சு. அந்தப் பசி நிஜம். அதனோடு வாழத் துணைக்கு ஏதாவது வேண்டும். எனக்கு இந்த நோட்டு.

பிப்ரவரி 5, புதன்

தினமும் நான் ரயில் ஏறும் ஸ்டேஷனின் பெயர் தாம்பரம் சானடோரியம். பெயருக்குக் காரணமான ஆஸ்பத்திரி 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம். 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. காசநோய்க்கு மருந்து வராத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, வயிறார உணவு: இவைதான் வைத்தியம். எடை ஏறினால் நோயாளி பிழைத்துக்கொள்வார் என்று நம்பிக்கை வரும். தராசில் முள் ஏறுவதை ஒரு குடும்பமே எதிர்பார்த்து நின்ற இடம்.

சென்னையில் சாப்பாட்டை முறையாகக் கணக்கெடுத்த பழைய ஆய்வுகளில் ஒன்றும் காசநோயைச் சேர்ந்ததுதான். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அவரவர் வீட்டிலும் மறு பாதியை சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள், நெருக்கடியான வீடுகள். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் கணக்கெடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு. எடையும் அவர்களுக்குத்தான் அதிகம் ஏறியது. ஆனால் குணமானவர்களின் அளவு இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. முடிவு 1959-ல் வெளியானது. உணவைப் பற்றிய தனிக் கட்டுரை 1961-ல் வந்தது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருக்காமல் வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குச் சொன்ன ஆய்வு அது. நம் ஊரில் நடந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த ஆய்வில் மாத்திரை சாப்பிட்டேன் என்று நோயாளி சொன்னதோடு விட்டுவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். யாரையும் பொய்யர் என்று நினைத்தல்ல. மனித ஞாபகம் அப்படி. சாப்பாட்டு விஷயத்தில் ஞாபகம் இன்னும் மோசம். 1992-ல் அமெரிக்காவில், எவ்வளவு குறைத்தும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களை ஆராய்ந்தபோது, அவர்கள் சொன்ன கணக்கு உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாக இருந்தது. கிட்டத்தட்டப் பாதி. சாப்பிட்ட கையோடு எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். ராத்திரி பத்து மணிக்கு யோசித்து எழுதினால் நாலு மணி முறுக்கு ஞாபகத்தில் இருக்காது.

மார்ச் 7, வெள்ளி

லீவு போட்டேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். பழையதுதான், ஆனால் கிராம் கணக்கு சரியாகக் காட்டுகிறது. ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துச் சோதித்துத்தான் காசு கொடுத்தேன்.

இதைத் தினமும் பயன்படுத்தப் போவதில்லை. நாலு பேர் சாப்பிடும் வீட்டில் தட்டுத் தட்டாக நிறுத்துப் போட முடியாது. அது சமையலே அல்ல. வீட்டில் இருக்கும் கரண்டிகளை ஒரு தடவை நிறுத்துவிட்டால் போதும். எங்கள் குழிக்கரண்டியில் தலைதட்டி எடுத்தால் சாதம் 90 கிராம், ஏறக்குறைய 120 கலோரி. இனிமேல் நோட்டில் "சாதம் 2 க" என்று எழுதினால் எனக்குப் புரியும். போன் ஆப்களில் "ஒரு கப் சாதம்" என்று இருக்கிறது. எந்தக் கப்? அரிசியா, வெந்த சாதமா? 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அதுவே தண்ணீர் குடித்துச் சாதமானதும் 100 கிராமுக்கு 130. இந்த ஒரு குழப்பத்திலேயே எத்தனையோ பேர் கணக்கு எழுதுவதை விட்டிருப்பார்கள்.

சாதத்தைக்கூட அளந்துவிடலாம். அளக்க முடியாதது எண்ணெய். பொரியலில், தாளிப்பில், தோசைக் கல்லில், வத்தக் குழம்பின் மேல் மிதப்பதில் எவ்வளவு என் வயிற்றுக்குள் போகிறது? சாப்பிடுகிறவருக்குத் தெரியாது, சமைக்கிறவருக்கும் முழுதாகத் தெரியாது. இதற்கு நான் கண்ட வழி மளிகைக் கணக்குதான். எங்கள் வீட்டில் மாதம் நாலு லிட்டர்: கடலை எண்ணெய் மூன்று, நல்லெண்ணெய் ஒன்று. ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம். நாலுக்கு 3,640. நாலு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 30 கிராம். கிராமுக்கு 9 கலோரி, ஆக 270. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட மாதிரித் தட்டில் 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கே எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம்தான். எனக்கு 2,000 கலோரியே தேவைப்படாது. இதில் வெளியே சாப்பிடும் பஜ்ஜி, பூரி எதுவும் சேரவில்லை, நெய்யும் சேரவில்லை.

ஆகவே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண்ணெய்க்குத் தனிக் கணக்கு தொடங்கியிருக்கிறேன். பாக்கெட் பிரித்த தேதி, தீர்ந்த தேதி. அவ்வளவுதான். பால்காரர் கணக்கைக் காலண்டரில் குறித்துவைத்த அம்மா, பாட்டி காலத்துப் பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பாலுக்குக் குறித்ததை எண்ணெய்க்கும் குறிக்கலாம். குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே கணக்கு. யார் தட்டையும் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவர் சாப்பிடுவதை நான் எழுத ஆரம்பித்தால் வீட்டில் நிம்மதி போய்விடும். எண்ணெயைக் குறைத்தால் அவருக்கும் சேர்த்துத்தான் குறையும்.

மார்ச் 8, சனி

சின்னவன் தட்டில் மிச்சம் வைத்த அரை தோசை. எழுதிவிட்டேன். அம்மாக்கள் சாப்பிடும் இந்த மிச்சங்களை எந்த ஆப்பும் கேட்பதில்லை.

மே 11, ஞாயிறு

அக்னி வெயில். சேலையூரிலிருந்து அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. மாம்பழம் நறுக்கி வைத்தேன்; தொடவில்லை. "சித்தி, உங்க நோட்டு மாதிரியே நானும் எழுதறேன்" என்று போனைக் காட்டினாள். காலை 180, மதியம் 240 என்று எண்கள் மட்டும். சாப்பாட்டின் பெயரே இல்லை. எனக்குப் பகீரென்றது.

அவளிடம் தனியாக உட்கார்ந்து பேசினேன். வளரும் வயதில் கலோரி எண்ணக் கூடாது; எலும்பு வலுப்பெறும் வயது, மாதவிடாய் சீராக வேண்டிய வயது. என் நோட்டு 50 வயதில் மூட்டு வலியும் இரத்த அழுத்தமும் சொல்லி ஆரம்பித்தது; உன்னுடையது யார் சொல்லி ஆரம்பித்தது என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அக்காவிடமும் சொன்னேன், ஒரு டாக்டரிடம் கூட்டிப் போ, திட்டாதே என்று. சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வருகிறவர்களுக்கும், குறைத்து எழுதுவதே ஒரு வெறியாகிப் போகிறவர்களுக்கும் இந்தப் பழக்கம் விஷம். இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

மாம்பழத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஜூன் 19, வியாழன்

தம்பிக்கு ஆப் அலுத்துவிட்டது. ஒவ்வொரு சாம்பாரையும் தேடி, அளவு போட்டு, கிராம் சரிபார்த்து நாளைக்கு அரைமணி நேரம் போகிறது என்று புலம்பினான். சோழிங்கநல்லூர் வேலை, பெருங்களத்தூர் வீடு; ரோட்டிலேயே பாதி நாள் போகிறது அவனுக்கு. அவ்வளவு நுணுக்கம் வேண்டாம்டா, ஆனால் தினமும் எழுது என்றேன். ஆராய்ச்சியும் அதைத்தான் சொல்கிறது. 2019-ல் வந்த அமெரிக்க ஆய்வில், தொடக்கத்தில் நாளைக்கு 23 நிமிஷம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஆறாம் மாதம் 15 நிமிஷத்துக்குள் முடித்தார்கள். எவ்வளவு நேரம் எழுதினார்கள் என்பதைவிட, நாளில் எத்தனை தடவை எழுதினார்கள் என்பதற்கும் குறைந்த எடைக்கும்தான் சம்பந்தம் இருந்தது. அதற்கு முன் 2008-ல் கிட்டத்தட்ட 1,700 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தினமும் எழுதியவர்கள் எழுதாதவர்களைப்போல் இரண்டு பங்கு எடை குறைத்தார்கள்.

அவனுக்கு ஒரே ஒரு பத்தி கூடுதலாகப் போடச் சொன்னேன்: எங்கே சாப்பிட்டாய்? என் நோட்டில் மிகவும் பயன்பட்டது அந்தப் பத்திதான். என் அதிகச் சாப்பாடு முழுவதும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுக்குள் ஸ்டேஷன் வாசலில் என்பதை அதுதான் காட்டியது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவளுக்கு ஆறு மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். பஜ்ஜி வாசனை வேறு. இப்போது ஆபீஸ் முடிந்து கிண்டியில் ரயில் ஏறும் முன்பே சுண்டலோ வேர்க்கடலையோ ஒரு கைப்பிடி சாப்பிட்டுவிடுகிறேன். பஜ்ஜிக் கடை அங்கேயேதான் இருக்கிறது; வாரத்தில் ஒரு நாள் நோட்டில் அதுவும் வரும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு, சின்ன வெங்காயம், முருங்கைக்கீரைப் பொரியல். வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பு.

கூழின் கலோரி எவ்வளவு என்று புத்தகத்தைத் திறந்தேன். இந்திய உணவுகளுக்கு இப்படி அட்டவணை முதலில் வந்தது 1937-ல், நம் குன்னூரிலிருந்து. அய்க்ராய்ட் என்பவர் தயாரித்தது. பிறகு சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் மற்றவர்களும் 1971-ல் விரிவாக வெளியிட்டார்கள். 2017-ல் வந்த புதிய அட்டவணையில் 528 உணவுகள். பஞ்சமும் பற்றாக்குறையும் இருந்த நாட்டில், ஜனங்களுக்கு என்ன குறைகிறது என்று கண்டுபிடிக்க எழுதப்பட்ட எண்கள் இவை. அதே எண்களை வைத்து இன்று நான் மிஞ்சுவதைக் கணக்குப் பார்க்கிறேன். அந்த மனிதர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் கூழுக்கு எண் போட முடியாது. கோயிலில் எவ்வளவு மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? "கூழ் 1 சொம்பு" என்று எழுதி நிறுத்தினேன். சென்னையில் ஆயிரக்கணக்கானவர்களிடம் சாப்பாட்டைப் பற்றி விசாரித்த 'க்யூர்ஸ்' ஆய்வில் 222 உணவுகளைக் கேட்டார்கள். தீட்டிய வெள்ளை அரிசிதான் நம் தட்டில் பெரும்பங்கு என்றும், அது அதிகமாக அதிகமாக வயிற்றுப் பருமனும் சர்க்கரையும் சேர்ந்து வருவது கூடுகிறது என்றும் கண்டார்கள். அரிசிக் கரண்டியை எண்ணினால் என் கணக்கில் பாதி முடிந்த மாதிரி.

அக்டோபர் 24, வெள்ளி

தீபாவளி திங்களன்று முடிந்தது. வாரம் ஒரு நாள், வெள்ளி காலை வெறும் வயிற்றில் எடை பார்ப்பேன். 70.1. போன வெள்ளி 68.2.

பழகாதவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடுவார்கள். ஆனால் ஒரு கிலோ கொழுப்பு ஏற சுமார் 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். இரண்டு கிலோவுக்கு 15,000-க்கு மேல். தீபாவளி வாரப் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன்: அதிரசம், முறுக்கு, மைசூர்பாகு, ரிப்பன் பக்கோடா, கறிக்குழம்பு, இட்லி எல்லாம் சேர்த்தும் வழக்கத்தைவிட மூவாயிரத்துக்குப் பக்கம்தான் கூட. ஏறியதில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர். பக்கங்கள் எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. பயந்துபோய் இரண்டு நாள் பட்டினி கிடந்து, மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்திருப்பேன்.

மழை விடவில்லை. கடைக்குப் போக முடியாததால் டப்பாவில் இருப்பது தீரும்வரை பலகாரம்தான் மாலைச் சிற்றுண்டி. எதிர்வீட்டுக்கும் வேலைக்கு வரும் அம்மாவுக்கும் பாதியைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். பாக்கியில் எனக்கு நாளைக்கு ஒரு அதிரசம் என்று வைத்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்து எண்ணெய்க் கணக்கு: தீபாவளிப் பலகாரத்துக்கு வாங்கிய ஒரு லிட்டரைத் தவிர, செப்டம்பரில் மூன்றேகால் லிட்டர், இந்த மாதமும் அதே வேகத்தில் போகிறது. ஆளுக்கு நாளைக்கு 25 கிராமுக்குக் கீழே வந்துவிட்டோம். இரும்புத் தோசைக்கல்லை மாற்றவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தில் கரண்டிக்குப் பதில் வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தோய்த்துக் கல்லில் தேய்க்கிறேன். பெரியவன் கண்டுபிடித்துவிட்டான், சின்னவனுக்கு இன்னும் தெரியாது. நவம்பர் மளிகையில் கடலை எண்ணெய் இரண்டு, நல்லெண்ணெய் ஒன்று. தம்பி இன்று போன் செய்தான். தீபாவளி அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு எழுதி முடித்தானாம், ஒரு பக்கமும் காலியில்லை.