பாப்பாவுக்குத் துணி எடுக்கும் முன்

திருப்பூர்
ஆவணி மாதம்

அன்புள்ள கண்ணுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. பாப்பா பிடிமானம் இல்லாமல் நடக்கிற வீடியோவை அம்மா தெருவில் எல்லாருக்கும் காட்டியாகிவிட்டது.

அலமாரி நிறையத் துணி இருந்தும் பாப்பாவுக்குப் போட ஒன்றும் இல்லை, எடுக்கிறதெல்லாம் இரண்டு மாதத்தில் சின்னதாகிவிடுகிறது, தீபாவளிக்கு என்ன எடுக்கட்டும் என்று கேட்டாய். போனில் அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை. பனியன் கம்பெனி செக்கிங் மேஜையில் குழந்தைத் துணியை உள்ளும் புறமும் புரட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதில் தெரிந்துகொண்டதை உனக்கு நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. குழந்தைத் துணிக்கு விலை பார்க்கும்போது, அது எத்தனை தடவை உடம்பில் ஏறும் என்று சேர்த்துப் பார். 250 ரூபாய்க்கு எடுத்த பனியன் சட்டையை 100 தடவை போட்டால் ஒரு தடவைக்கு இரண்டரை ரூபாய். 1,500 ரூபாய் கவுன் மூன்று விசேஷத்தோடு பெட்டிக்குள் போனால் ஒரு தடவைக்கு 500 ரூபாய். இரண்டு கழுவலில் கழுத்து தொங்கிப்போகிற 100 ரூபாய் சட்டையும் இந்தக் கணக்கில் விலை உயர்ந்ததுதான். நான் கீழே எழுதுவதெல்லாம் அந்தத் தடவைகளைக் கூட்டுவதற்கான வழி.

இதுவரை துணி சீக்கிரம் சின்னதானதற்குக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையைப் பார்த்தால், பெண் குழந்தையின் நடுத்தர உயரம் பிறக்கும்போது 49 செ.மீ., ஒரு வயதில் 74, இரண்டு வயதில் 86, மூன்று வயதில் 95. முதல் வருஷத்தில் 25 செ.மீ. வளர்ந்தவள், அடுத்த வருஷம் 12, அதற்கடுத்த வருஷம் 9 என்று நிதானமாகிவிடுவாள். இனிமேல் எடுக்கிற துணிக்கு ஆயுசு கூட. அதனால்தான் தரம் பார்த்து எடுக்க வேண்டிய நேரம் இது என்கிறேன்.

அளவு எடுக்கும்போது சீட்டில் இருக்கும் மாதக் கணக்கை நம்பாதே. ஒரு கம்பெனியின் 12–18 மாதம் இன்னொரு கம்பெனிக்கு 18–24 ஆக இருக்கும். உயரத்தை வைத்து எடு. ஐரோப்பாவுக்குத் தைக்கிற துணியின் கழுத்துச் சீட்டில் 80, 86, 92, 98 என்று போட்டிருக்கும். அது குழந்தையின் உயரம், செ.மீ. கணக்கில். பாப்பா 75 செ.மீ. இருந்தால், தினப்படி துணிக்கு 86 எடு, ஒரு வருஷம் தாங்கும். 92-க்கு மேல் போகாதே. பேன்ட் நீளம் கூடினால் இப்போதுதான் நடை பழகுகிற குழந்தை தட்டி விழுவாள். கழுத்து அகலம் கூடினால் சட்டை தோளை விட்டு வழியும். நீளத்தில் இடம் இருக்கட்டும், கழுத்திலும் தோளிலும் சரியாக இருக்கட்டும். கால் முனையிலும் கை முனையிலும் நீளமான ரிப் பட்டி வைத்த துணி கிடைத்தால் விடாதே. இப்போது மடித்துவிடலாம், வளர வளர இறக்கிவிடலாம்.

பனியன் துணி சுருங்கும் என்பதையும் கணக்கில் வை. நல்ல கம்பெனியில் துணியைக் காம்பேக்டிங் செய்த பிறகுதான், அதாவது இயந்திரத்தில் முன்கூட்டியே சுருக்கிய பிறகுதான், கட்டிங்குக்கு அனுப்புவார்கள். அப்போதும் 5 சதவீதம் வரை சுருக்கம் வரலாம். 40 செ.மீ. நீளச் சட்டையில் அது 2 செ.மீ. காம்பேக்டிங் சரியாகச் செய்யாத துணி முதல் கழுவலிலேயே இதைவிட அதிகமாக ஏறிக்கொள்ளும்.

எத்தனை வேண்டும்? சென்னை வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று உடை மாற்றுவாய், தினமும் துவைப்பாய். எட்டு மேல்சட்டை, ஏழு டவுசர் அல்லது பேன்ட், நாலு கையில்லாத பெட்டிக்கோட், இரவுக்கு மூன்று ஜோடி, வெளியே போக இரண்டு, விசேஷத்துக்கு ஒன்று. இது போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாத நாட்களுக்கு இரண்டு ஜோடி கூட வைத்துக்கொள். மேல்சட்டையில் பாதி பூப்போட்டதாகவோ கட்டமாகவோ இருந்தால் கறை தெரியாது. கீழே போடுகிறதெல்லாம் நீலம், சாம்பல், பழுப்பு என்று எல்லாவற்றோடும் சேருகிற நிறமாக இருக்கட்டும். எதை எடுத்தாலும் எதோடும் போடலாம். நாளைக்குத் தம்பிப் பாப்பா வந்தாலும் அதே துணி ஆகும்.

இனி துணியைக் கையில் எடுத்துப் பார்க்கிற விதம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைத்தான் இங்கே ஜிஎஸ்எம் என்பார்கள். வெயில் காலத்துக்கு 140 முதல் 160 வரை உள்ள சிங்கிள் ஜெர்சி. இரவு உடைக்கும் பேன்ட்டுக்கும் 180-க்கு மேல் உள்ள இன்டர்லாக். இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும், ஓரம் சுருளாது, முட்டியில் சீக்கிரம் தேயாது. கடைக்காரர் ஜிஎஸ்எம் சொல்லமாட்டார். நீயே துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார். திட்டுத்திட்டாக மெலிந்து தெரிந்தால் நூல் சீரில்லை, வைத்துவிடு. கோம்டு நூல் என்று எழுதியிருந்தால் நல்லது. குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுவதால் அந்தத் துணியில் பஞ்சு உருண்டை அதிகம் பிடிக்காது.

கழுத்துப் பட்டியை நன்றாக இழுத்து விட்டுப் பார். உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். சின்னக் குழந்தைக்கு உடம்போடு சேர்த்துப் பார்த்தால் தலை பெரிசு. ஒரு வயதில் பெண் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 45 செ.மீ., மூன்று வயதிலும் 48 அல்லது 49-க்குள்தான். தலை நுழையும்படி விரிந்து பிறகு சுருங்குகிற கழுத்து இருந்தால் அந்தச் சட்டை இரண்டு வருஷமும் கழுத்தால் வீணாகாது. தோளில் பிரஸ் பட்டன் வைத்தது இன்னும் வசதி, அழுகை குறையும்.

அப்புறம் சட்டையை நடுவாக மடித்துப் பக்கத் தையல் இரண்டும் நேராக விழுகிறதா பார். சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கு சரியில்லையென்றால் துவைத்ததும் பக்கத் தையல் வயிற்றுக்குத் திரும்பிவிடும். கடையிலேயே கோணலாக இருக்கிற சட்டை வீட்டுக்கு வந்து நேராகாது. பிறகு உள்புறம் திருப்பு. ஓவர்லாக் தையல் நெருக்கமாக, இழுத்தால் நூல் அறாமல் இருக்க வேண்டும். தொடை சேருகிற இடத்தில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தால் டயப்பருக்கும் இடம் கிடைக்கும், உட்கார்ந்து எழும்போது அங்கே கிழியாது. இடுப்பு எலாஸ்டிக் பட்டிக்குள் கோத்ததாக இருந்தால், தளர்ந்தபின் ஊக்கு வைத்துப் புதுசு கோத்துவிடலாம். துணியோடு சேர்த்துத் தைத்த எலாஸ்டிக்கை எளிதில் மாற்ற முடியாது. பாப்பாவுக்கு இரண்டு வயது நெருங்கும்போது, தானே கீழே இறக்கி ஏற்றத் தோதான எலாஸ்டிக் பேன்ட்தான் உனக்குக் கைகொடுக்கும்.

ஆபத்தான விஷயங்களில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. கழுத்திலும் தொப்பியிலும் கயிறு வைத்த துணி வேண்டாம். விளையாட்டுச் சாமானிலோ கதவிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். ஐரோப்பியத் தர விதியில் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அந்த இடத்தில் கயிறே கூடாது. பட்டனைப் பிடித்து இழுத்துப் பார். ஏற்றுமதித் துணியில் அதை 90 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 9 கிலோ விசையில் இழுத்துச் சோதிப்பார்கள். ஒட்டவைத்த கல், மணி, ஜிகினா எதுவும் வாய்க்குள் போகும், தோலையும் உரசும். பாப்பா சட்டை நுனியைக் கடிக்கிறவள் என்பதால் சாயமும் முக்கியம். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சீட்டில் முதல் வகுப்பு என்று போட்டிருந்தால், அது மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கான சோதனையில் தேறியது. சீட்டு இல்லாத துணியென்றால் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார், நிறம் ஏறினால் வேண்டாம். எதுவானாலும் ஒரு தடவை அலசிக் காயவைத்த பிறகு போடு.

பட்டுப்பாவாடை எடுக்க அம்மாவுக்கு ஆசை. தாராளமாக எடுக்கலாம். ஆனால் தைக்கக் கொடுக்கும்போது பாவாடையில் மூன்று டக் பிடிக்கச் சொல், இடுப்பில் தோள்பட்டையோடு பாடி வைக்கச் சொல், சட்டையின் இரண்டு பக்கத்திலும் உள்ளே ஒரு அங்குலம் துணி விடச் சொல். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டக் பிரித்தால் நீளம் இறங்கும், தோள்பட்டையைத் தளர்த்தினால் இடுப்பும் இறங்கும். நம் வீட்டில் உனக்குத் தைத்த பாவாடை எல்லாம் இப்படித்தான் வருஷக்கணக்கில் வந்தது. உள்ளுக்குக் கட்டாயம் பருத்தி லைனிங் வேண்டும், இல்லையென்றால் பாப்பா கசகசப்பில் சிணுங்குவாள்.

எங்கே எடுப்பது என்றால், நீ ஊருக்கு வரும்போது ரயிலடிக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை இருக்கிறது. ஆர்டருக்கு மேல் கூடுதலாகத் தைத்ததும், சின்னக் குறையால் தள்ளியதும் அங்கே வரும். பிசிறு வெட்டாதது, லேசான நிற வித்தியாசம், அச்சு கொஞ்சம் நகர்ந்தது எல்லாம் எடுக்கலாம். ஊசி ஓட்டை, விட்டுப்போன தையல் இருந்தால் கூடாது. பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தடித்த ஃப்ளீஸ் ஜாக்கெட்டை வாங்கிவிடாதே, சென்னையில் அதற்கு வேலையே இல்லை.

துவைப்பதில்தான் துணியின் பாதி ஆயுசு இருக்கிறது. உள்புறம் திருப்பி, பச்சைத் தண்ணீரில், சோப்புத் தூள் அளவாகப் போட்டுத் துவை. பால், முட்டைக் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசு, வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும், பயப்படாதே. நன்றாக அலசி வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுத்துவிடும். கறையில்லாத கலர்த்துணி நிழலில் காயட்டும். ப்ளீச் போடாதே, எலாஸ்டிக்கையும் லைக்ராவையும் அரித்துவிடும். ஈரப் பனியன் சட்டையைத் தோளில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் இழுபடும், கொடியில் குறுக்கே மடித்துப் போடு. சின்னத் தையல் விட்டால் அன்றைக்கே இரண்டு இழை ஓட்டிவிடு.

சின்னதான துணியைப் பெட்டியில் அடைத்து வைக்காதே. நல்லதை அளவுவாரியாகக் கட்டி, மாப்பிள்ளையின் தங்கச்சிக்கு வரப்போகிற குழந்தைக்குக் கொடு. நம் பக்கம் பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணிதானே போடுவோம்? பல தடவை துவைத்த பருத்தியின் மென்மை புதுத்துணிக்கு வராது. உனக்கு யாராவது கொடுத்தாலும் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்.

இதைச் சிக்கனத்துக்காக மட்டும் எழுதவில்லை, கண்ணு. நூற்பு, நிட்டிங், சாயம், கட்டிங், தையல், கைமடி, செக்கிங், அயர்னிங் என்று ஒரு சின்னச் சட்டைக்குள் எத்தனை பேர் உழைப்பு போகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். சாயத் தண்ணீரால் நொய்யல் கெட்டதும், ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் விவசாயத்துக்கு ஆகாமல் போனதும் உனக்கும் தெரியும். 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது இந்த ஊரே வேலையில்லாமல் நின்றது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்தம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் திரும்ப ஓடுகின்றன. இவ்வளவு கொடுத்து உண்டாகிற துணி மூன்று தடவை போட்டுக் குப்பைக்குப் போனால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு சட்டை மூன்று குழந்தைகளை வளர்த்துவிட்டுக் கடைசியில் அடுப்படித் துணியானால்தான் அதற்குச் செய்த மரியாதை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைச் சுவரோடு நிறுத்தி உயரம் எடு. தலைச் சுற்றளவு, டயப்பரோடு இடுப்புச் சுற்றளவு, தொடைச் சந்திலிருந்து கணுக்கால் வரை நீளம், இந்த நாலையும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. அலமாரியில் இருக்கிறதில் இப்போது சரியாக இருப்பது எவை என்றும் பிரித்துப் பார்த்துச் சொல். குறைகிறதை மட்டும் காதர்பேட்டையில் நானே பார்த்து எடுத்து, புரட்டாசி முடிவதற்குள் பார்சல் போட்டுவிடுகிறேன். அதுவரை கடைப்பக்கம் போகாதே.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பாப்பாவுக்குப் பெரியம்மாவின் முத்தங்கள்.

அன்புடன்,
அக்கா