பவர் பேங்க் எந்தப் பெட்டியில்?

வெளிநாட்டுப் பயணம் என்றால் சின்னசேலம் பக்கத்து வீடுகளில் பெட்டி கட்டுவதே ஒரு பெரிய வேலை. ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்கு என்று அம்மாக்கள் ஒரு பக்கம் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் வயர்களும் சார்ஜர்களும் குவிந்து கிடக்கும். இரண்டு செல்போன், ஒரு பவர் பேங்க், ட்ரிம்மர், புளூடூத் ஸ்பீக்கர், எமர்ஜென்சி லைட், படிக்கப் போகிறவர் என்றால் லேப்டாப். ஒரு காலத்தில் மின்சாதனம் என்பது வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற பொருள். துபாயிலிருந்து டேப் ரெக்கார்டர் வந்தால் தெருவே கூடி நின்று பார்த்தது. இப்போது ஊரிலிருந்து போகிறவர் பெட்டியிலும் பாதி மின்சாதனம்தான்!

சின்னசேலத்துக்காரர்கள் வெளிநாடு போக பெரும்பாலும் திருச்சிக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும். பக்கத்தில் சேலம் விமான நிலையம் இருந்தாலும் அங்கிருந்து உள்நாட்டு விமானங்கள்தான். சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா என்று போகிறவர்கள் திருச்சியைத் தேர்ந்தெடுப்பார்கள். அமெரிக்கா, ஐரோப்பா போகிறவர்கள் சென்னைக்குப் போய் அங்கிருந்து துபாய், தோஹா வழியாக மாறிப் போவது வழக்கம். ஊரிலிருந்து வேன் பிடித்து, வழியனுப்ப நாலு பேரோடு போய் இறங்கி, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு உள்ளே போன பிறகுதான் முதல் சிக்கல் வரும். "உங்க பெட்டியில பவர் பேங்க் இருக்கா? வெளியே எடுங்க" என்பார்கள். முப்பது கிலோவைக் கயிறு போட்டுக் கட்டிய பெட்டியை வரிசைக்கு நடுவே அவிழ்க்க வேண்டும்.

ஏன் இந்தக் கெடுபிடி? செக்-இன் பெட்டியில் போடாதே என்கிறார்கள், கையில் எடுத்துப் போனால் ட்ரேயில் தனியாக வை என்கிறார்கள், சில இடங்களில் ஆன் செய்து காட்டு என்கிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும். உண்மையில் இந்த விதிகள் எல்லாம் இரண்டு பயங்களிலிருந்து வந்தவை. ஒன்று குண்டு பயம். மற்றொன்று தீ பயம்.

முதல் பயம்: பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டுக்கு இந்தப் பயம் புதிதல்ல. 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்காக ஒருவர் பெட்டிகளைப் போட்டுவிட்டு விமானத்தில் ஏறாமல் போய்விட்டார். ஆளில்லாத அந்தப் பெட்டிகள் இறக்கப்பட்டு சுங்கப் பகுதியில் வைக்கப்பட்டிருந்தபோது வெடித்தன. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கைக்காரர்கள்.

அடுத்த ஆண்டே, 1985 ஜூன் 23ஆம் தேதி, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்து அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். அதிலும் பெட்டியைப் போட்டவர் விமானத்தில் ஏறவில்லை. அதே நாளில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் இன்னொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்பட இருந்த பெட்டி வெடித்து, சுமை தூக்கும் தொழிலாளர்கள் இருவர் உயிரிழந்தனர். அந்தக் குண்டு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது ஒரு ஸ்டீரியோ ட்யூனரில். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் பான் ஆம் 103 விமானம் வெடித்து 270 பேர் இறந்தனர். அங்கே குண்டு இருந்தது ரேடியோ கேசட் ரெக்கார்டருக்குள்.

ரேடியோவும் ட்யூனரும்! வீட்டில் எல்லாரும் வைத்திருக்கிற பொருள்கள். அதனால்தான் அன்றிலிருந்து மின்சாதனம் என்றாலே காவலர்களுக்குச் சந்தேகம். "இந்தப் பெட்டியை நீங்களே கட்டினீர்களா? யாராவது ஏதாவது கொடுத்தார்களா?" என்று கேட்பதும் இதனால்தான். கனிஷ்காவுக்குப் பிறகு 1987இல் இந்தியாவில் சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு தனித் துறையாக ஆனது. 1999 காத்மாண்டு விமானக் கடத்தலுக்குப் பிறகு, 2000ஆம் ஆண்டிலிருந்து விமான நிலையக் காவல் படிப்படியாக மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிடம் போனது. இன்று ட்ரேயைத் தள்ளச் சொல்லும் சீருடைக்காரர்கள் அவர்கள்தான்.

நம் ஊர்ப் பழக்கத்தில் இங்கேதான் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒருவர் சிங்கப்பூர் போகிறார் என்று தெரிந்தால் போதும், பக்கத்துத் தெருக்காரர் தன் மகனுக்கு ஒரு பொட்டலம் கொடுத்து விடுவார். திரும்பி வரும்போது அங்கிருந்து யாரோ ஒருவர் "ஊர்ல என் தம்பி வந்து வாங்கிக்குவான்" என்று ஒரு மிக்சியோ ஸ்பீக்கரோ கொடுப்பார். மறுத்தால் மனஸ்தாபம். ஆனால் திருச்சியிலும் சென்னையிலும் மின்சாதனங்களுக்குள் தங்கத்தை உருக்கி ஒளித்துக் கொண்டு வந்து பிடிபட்ட செய்திகள் அடிக்கடி வருகின்றன. மாட்டிக்கொள்வது பெட்டியைக் கொண்டு வந்தவர்தான், கொடுத்தவர் அல்ல. உறவு கெட்டாலும் பரவாயில்லை என்று மறுத்துவிடுவதே நல்லது.

இரண்டாவது பயம்: தானாகப் பற்றிக்கொள்ளும் பேட்டரி

இதற்கும் உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2016 செப்டம்பர் 23ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில் பயணிகளுக்குப் புகை வாசனை அடித்தது. பார்த்தால், தலைக்கு மேலே உள்ள பெட்டி வைக்கும் இடத்திலிருந்து புகை. உள்ளே ஒரு பையில் இருந்த சாம்சங் நோட் 2 செல்போன்தான் புகைந்துகொண்டிருந்தது. பணியாளர்கள் அருகிலிருந்த பயணிகளை வேறு இருக்கைகளுக்கு மாற்றி, தீயணைப்பான் அடித்து, போனை எடுத்துக் கழிவறையில் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் போட்டார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது.

யோசித்துப் பாருங்கள். அதே போன் செக்-இன் பெட்டிக்குள் இருந்திருந்தால்? வாசனை பிடிக்க ஆள் இல்லை, தண்ணீர் ஊற்றவும் ஆள் இல்லை.

லித்தியம் அயன் பேட்டரியில் உள்ளே ஷார்ட் ஆனால் சூடு ஏறும். அந்தச் சூடு பக்கத்து செல்லைச் சுடும், அது அடுத்ததைச் சுடும். சரவெடி போல. சரக்கு அறையில் இருக்கும் தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கும், ஆனால் பேட்டரிக்குள் ஏறும் சூட்டை அதனால் நிறுத்த முடியாது. அதைக் குளிர வைக்கத் தண்ணீர் வேண்டும், ஊற்ற ஒரு கை வேண்டும். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் லித்தியம் பேட்டரிகள் ஏற்றிச் சென்ற யுபிஎஸ் சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து விமானிகள் இருவரும் இறந்தனர். 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானங்களில் லித்தியம் அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவது உலக அளவில் தடை செய்யப்பட்டது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில் கிளம்பத் தயாராக இருந்த ஒரு விமானம் தரையிலேயே எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். காரணம் ஒரு பவர் பேங்க்காக இருக்கலாம் என்றது விசாரணை. அதன் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்தத் தடை போட்டன. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் அதே வழியில், ஒருவருக்கு ஒரு பவர் பேங்க் மட்டும் என்றது.

இரண்டு பயமும் மோதிய ஆண்டு

வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டு பயங்களும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. குண்டுக்குப் பயந்தவர் "லேப்டாப்பைக் கீழே அனுப்பு" என்பார். தீக்குப் பயந்தவர் "இல்லை, கண் முன்னே வை" என்பார்.

2017இல் இது நேருக்கு நேர் மோதியது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் சோமாலியாவின் மொகதிஷுவிலிருந்து கிளம்பிய விமானத்தில் லேப்டாப்புக்குள் வைத்த குண்டு வெடித்திருந்தது. 2017 மார்ச்சில் அமெரிக்கா ஒரு உத்தரவு போட்டது. துபாய், அபுதாபி, தோஹா, குவைத், ஜெட்டா, ரியாத், இஸ்தான்புல் உள்ளிட்ட 10 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா வரும் விமானங்களில் செல்போனை விடப் பெரிய மின்சாதனம் எதுவும் கையில் இருக்கக் கூடாது! இந்திய விமான நிலையம் எதுவும் பட்டியலில் இல்லை. ஆனாலும் சென்னையிலிருந்து துபாய், தோஹா வழியாகப் போன மாணவர்களும் கணினி ஊழியர்களும் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டியிருந்தது. அந்த விமான நிலையங்களும் நிறுவனங்களும் பாதுகாப்பைக் கூட்டிய பிறகு, அதே ஆண்டு ஜூலையில் தடை ஒவ்வொன்றாக விலகியது. அதே 2017இல் அமெரிக்க விமானத் துறை நடத்திய சோதனைகளில், பெட்டிக்குள் லேப்டாப் பேட்டரி சூடேறி அருகில் ஒரு ஸ்ப்ரே டப்பாவும் இருந்தால் வெடிப்பே ஏற்படலாம் என்று தெரியவந்தது. கடைசியில் கேபினே பேட்டரிக்குச் சரியான இடம் என்ற முடிவு நின்றது.

பவர் பேங்க் கணக்கு

விதி எளிது. பவர் பேங்க்கும் தனி பேட்டரிகளும் கைப்பையில் மட்டும். 100 வாட் ஹவர் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் கிடையாது. 160க்கு மேல் அனுமதியே இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் இதைவிடக் கெடுபிடி இருக்கலாம், டிக்கெட் எடுத்த இடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கடையில் விற்பது எம்ஏஎச் கணக்கில். மாற்றுவது எப்படி? எம்ஏஎச்சை 1000ஆல் வகுத்து 3.7ஆல் பெருக்கினால் போதும். 10,000 என்றால் 37 வாட் ஹவர். 20,000 என்றால் 74. 27,000 என்றால் 99.9, விளிம்பு! 30,000 என்றால் 111, அனுமதி கேட்க வேண்டும். எழுத்து அழிந்த பவர் பேங்க்கைக் கணக்குப் பார்க்க முடியாது, அதனால் தூக்கிப் போடச் சொல்லவும் வாய்ப்புண்டு. சந்தையில் நூறு ரூபாய் குறைவு என்று பெயரில்லாத ஒன்றை வாங்குவது நஷ்டத்தில்தான் முடியும்.

ட்ரே வரிசையில்

எக்ஸ்ரே திரையில் உணவு, துணி, புத்தகம் போன்ற பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும் உலோகங்கள் நீல நிறத்திலும் தெரியும். லேப்டாப் அடர்த்தியானது. அது பைக்குள் இருந்தால் அதன் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. தனி ட்ரேயில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். வயர்களைச் சுருட்டாமல் திணித்தால் படம் குழம்பும், பை மறுபடி உள்ளே போகும், பின்னால் நிற்பவர் முறைப்பார்.

சில சமயம் ஒரு துண்டுத் துணியால் லேப்டாப்பையும் கையையும் துடைத்து இயந்திரத்தில் வைப்பார்கள். வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. வயலில் உரம் போட்ட கையோடு கிளம்பினால் அதற்கும் அலாரம் அடிக்கக்கூடும்! பயப்பட வேண்டாம். வேலையைச் சொன்னால் மறுபடி சோதித்து அனுப்புவார்கள். பதறி வாக்குவாதம் செய்தால்தான் நேரம் போகும்.

சார்ஜ் இல்லாத போனும் பிரச்சினைதான். 2014 ஜூலையில் அமெரிக்கா, சில வெளிநாட்டு விமான நிலையங்களிலிருந்து நேரடியாக வரும் பயணிகள் சாதனத்தை ஆன் செய்து காட்ட வேண்டும், உயிரில்லாத சாதனத்துக்கு விமானத்தில் இடமில்லை என்று அறிவித்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இன்று வேலைக்குப் போகிற ஒருவரின் டிக்கெட், விசா நகல், ஒப்பந்தம், ஏஜென்ட் எண், இறங்கும் ஊரில் அழைத்துப் போக வருகிறவரின் எண், எல்லாமே போனுக்குள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதியும் வேண்டும். போன் அணைந்தால் அத்தனையும் அணைந்தது போலத்தான். வாசலில் டிக்கெட் காட்டாமல் உள்ளேயே விடமாட்டார்கள். பத்து ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப்பையில் வைத்தால் இந்தத் தலைவலி இல்லை. இரண்டு எண்களையாவது தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

எடுத்துப் போகவே கூடாதவை

இ-சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவுக்குள் துராயா, இரிடியம் சாட்டிலைட் போன்களை அனுமதியில்லாமல் கொண்டுவருவதும் குற்றம். 2008 மும்பைத் தாக்குதல்காரர்கள் துராயா போன் பயன்படுத்திய பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. மலையேறுபவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் வழிகாட்டிக் கருவிக்கும் இதே கதிதான். கல்வராயன் மலையில் சிக்னல் இல்லையே என்று வெளிநாட்டு நண்பர் ஒருவர் அதைக் கொண்டுவர நினைத்தால் முதலிலேயே தடுத்துவிடுங்கள்.

அமெரிக்கா போகும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே எல்லை அதிகாரிகள் போனைத் திறந்து காட்டச் சொல்லலாம். மறுத்தால் வெளிநாட்டவரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் சமூக வலைத்தளக் கணக்குகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். இது சரியா தவறா என்று வாதாடலாம். குடியேற்ற வரிசையில் நின்றுகொண்டு வாதாட முடியாது.

ஆக, கிளம்புவதற்கு முந்தின இரவு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். பேட்டரி உள்ளவை எல்லாம் கைப்பைக்கு, சார்ஜ் முழுதாக, வயர்கள் சுருட்டி, தாளில் நகல்கள், அடுத்தவர் பொட்டலம் இல்லை. ட்ரே வரிசையில் எரிச்சல் வருவது இயல்பு. மீனம்பாக்கத்தில் அன்று இரவு கொழும்புக்குப் போகக் காத்திருந்தவர்களுக்கு இந்த வரிசை கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எரிச்சல் கொஞ்சம் குறையும்.

போகிறவர்கள் எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, மறக்காமல் வீட்டுக்கு ஒரு போன் போடட்டும்!